லீவியுவுக்கு ஒரு படுக்கை

வெந்நீர் சுடவில்லை.

ஆவி எழுந்து கண்ணாடித் தடுப்பை மூடியது. கருப்பு ஓடு பதித்த சுவரில் நீர் கோடு கோடாக இறங்கியது, குழாயின் திருகு சிவப்புக் குறியின் கடைசிவரை போயிருந்தது, கோர்னெலின் முன்கையும் சிவந்துவிட்டது. சூடு மட்டும் தெரியவில்லை. குளிரும் இல்லை. பக்கத்தில் வேறொருவன் குளிப்பதை நின்று பார்ப்பதுபோல இருந்தது.

களைப்பு என்று நினைத்துக்கொண்டான். இத்தாலியின் போலோன்யாவிலிருந்து சொந்த ஊர் க்ராயோவாவரை பேருந்தை அவன் ஒருவனே ஓட்டி வந்திருந்தான். கூட ஓட்ட வேண்டிய கோஸ்தி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவியில் தன் அட்டையையும் கோஸ்தியின் அட்டையையும் மாற்றி மாற்றிச் செருகி வந்தான். ஹங்கேரியில் ஓரிடத்தில் கண் திறந்திருந்தபடியே ஒரு பாலத்தைக் கடந்திருக்கிறான். பாலம் பின்னால் போனபிறகுதான் தெரிந்தது.

இன்று சாயங்காலம் அதே பேருந்தை எடுக்க வேண்டும். எல்லைப்பக்கம் ஆராத் வரைக்கும். அங்கே வேறு ஓட்டுநர் நிற்பார். நடுவில் இருப்பது ஒரு பகல். அதில் தூங்கிவிட்டால் போதும். பயணிகளில் இலிங்காவும் இருக்கிறாள். அவன் மகள். முதல் தடவையாக இத்தாலிக்கு வேலைக்குப் போகிறாள்.

வழக்கமாக ஓட்டுநர்கள் பேருந்தின் வயிற்றுக்குள்தான் தூங்குவார்கள். நடுப்படிக்குக் கீழே, பெட்டிகள் அடுக்கும் இடத்தை ஒட்டி, சவப்பெட்டி அகலத்தில் ஒரு படுக்கை இருக்கும். இன்று காலை முதலாளி ஸ்தோய்க்கா போனில் ஒரு ஹோட்டலின் பேரைச் சொன்னான். ஊர் நடுவில், சதுக்கத்தைப் பார்த்தபடி, கண்ணாடியாலேயே கட்டிய புது ஹோட்டல்.

"ராஜா மாதிரி தூங்குடா. காசு நான் குடுக்கல, பயப்படாத. யாரோ ஒரு பொம்பள கட்டியிருக்கா. நம்ம தொழில்காரன் ஒருத்தன் வேணுமாம். அம்பது வயசு, தொப்பை இருக்கணும். உன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு."

"எதுக்கு?"

"பொமானா. செத்த புருஷன் பேர்ல தானம்."

கோர்னெல் மறுக்கவில்லை. செத்தவர் பேரில் கொடுப்பதை வாங்கமாட்டேன் என்று சொல்லக்கூடாது. அவனும் கொடுத்திருக்கிறான். அம்மா செத்து நாற்பதாம் நாள், பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு கட்டில், மெத்தை, தட்டு, கரண்டி. உயிரோடிருப்பவர் உபயோகித்தால்தான் அங்கே இருப்பவருக்குப் போய்ச் சேரும். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். யாரும் அதை யோசித்துப் பார்ப்பதில்லை.

அவன் வந்து சேர்ந்தபோது அந்தப் பெண் அறையிலேயே காத்திருந்தாள். ஸ்மராந்தா. கருப்புத் துணியைத் தலையில் கட்டியிருந்தாள். ரொட்டியில் செருகிய மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள். கதவருகே நின்ற வரவேற்பறைப் பெண் கூரையைப் பார்த்தபடி, "சீக்கிரம் முடிச்சிடுங்கம்மா, மேல அலாரம் இருக்கு. போன மாசம் சிகரெட்டுக்கே மழை மாதிரி கொட்டிச்சு" என்றாள்.

ஸ்மராந்தா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். கட்டில். தலையணை. போர்வை. கோடு போட்ட புதுப் பைஜாமா. வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி, அதுவும் புதிது. தட்டில் மூடி வைத்த சூப்பு, முட்டைக்கோஸ் இலையில் பொதிந்த இறைச்சி, கோதுமை இனிப்பு. ஒவ்வொன்றுக்கும், "இது லீவியுவுக்கு இருக்கட்டும்" என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவன், "பொக்தாப்ரோஸ்தே" என்றான். வாங்குகிறவர் சொல்ல வேண்டிய சொல். அதைச் சொன்னால் கை மாறிவிட்டது என்று பொருள்.

கடைசியில் அவள் எதையும் தொடாமல் கையைக் காற்றில் நீட்டினாள்.

"இந்தத் தூக்கமும்."

கொட்டாவி விட்டுக்கொண்டே அதற்கும் சொன்னான். பழக்கம்.

அவர்கள் போனபிறகு குளித்துவிட்டு வந்து பைஜாமாவைப் போட்டுக்கொண்டான். அளவு சரியாக இருந்தது. சூப்பை ஒரு வாய் வைத்தான். புளித்த தவிட்டு நீரின் வாசனை மூக்கில் ஏறியது, மேலே பச்சை இலை மிதந்தது, கொழுப்பு மஞ்சள் வட்டங்களாகப் பளபளத்தது. நாக்கில் எதுவும் இல்லை. உப்புப் போட்டான். இன்னும் போட்டான். காரமிளகாயைக் கடித்தான். கண்ணில் நீர் வந்தது. காரம் வரவில்லை. எல்லாவற்றையும் தின்று முடித்தான். வயிறு காலியாகவே இருந்தது.

திரையை இழுத்தான். கனமான துணி. பகல் ஒரே இழுப்பில் அணைந்தது. ஓரத்தில் மட்டும் நூல்போல ஒரு வெளிச்சம் தரைவிரிப்பின்மேல் விழுந்தது. ஏசியின் சீரான மூச்சு, கீழே சதுக்கத்தின் நீரூற்று விழும் சத்தம், சுவருக்குப் பின்னால் ஏறி இறங்கும் லிஃப்ட். விரிப்பில் சோப்பு வாசனை. நகரத்து ஹோட்டலின் நல்ல படுக்கை. முதுகு அதில் அமிழ்ந்தது. கண்ணை மூடினான்.

திறந்தான்.

வெளிச்ச நூல் தரையைக் கடந்து எதிர்ச்சுவரில் ஏறியிருந்தது. மணி ஒன்று தாண்டிவிட்டது. தூங்கியிருக்கிறான். ஆனால் கண்ணில் மணல் அப்படியே இருந்தது. தோள்பட்டையில் அதே இறுக்கம், தொடையில் பேருந்தின் அதே அதிர்வு. காலையில் இறக்கி வைத்த மூட்டை பிரிக்கப்படாமலே இருப்பதுபோல உடம்பு கிடந்தது.

மறுபடி கண்ணை மூடினான். அப்போது கேட்டது. குறட்டை. தடித்த, நிம்மதியான குறட்டை. இழுத்து, நடுவில் ஒரு கணம் தொண்டையில் சிக்கி, பிறகு நீளமாக வெளியே போனது. பக்கத்து அறை என்று நினைத்தான். புதுக் கட்டடங்களில் சுவர் அட்டைபோலத்தான் இருக்கும். முதுகைத் திருப்பிப் படுத்தான். குறட்டை இடம் மாறவில்லை. காதுக்கு நேராக வந்தது.

கையை நீட்டி அடுத்த தலையணையைத் தொட்டான்.

நடுவில் குழி விழுந்திருந்தது. குழி சூடாக இருந்தது. அன்று அவன் தொட்டவற்றில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

எழுந்தான். விளக்கைப் போட்டான். படுக்கையில் யாரும் இல்லை. குறட்டையும் நின்றிருந்தது. பைஜாமாவைக் கழற்றி நாற்காலியில் எறிந்தான். தன் பழைய கால்சட்டையை, வியர்வை நாறும் சட்டையைப் போட்டுக்கொண்டான். ஜன்னலோரச் சோபாவில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான். கட்டிலில் படுக்காவிட்டால் சரியாகிவிடும். கட்டில்தானே கொடுக்கப்பட்டது. சோபாவை அவள் தொடவில்லை. அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதே தலை சாய்ந்தது.

திறந்தபோது கட்டிலில் கிடந்தான்.

மல்லாந்து. போர்வை மார்புவரை இழுத்துச் செருகப்பட்டிருந்தது. உடம்பில் பைஜாமா. பொத்தான்கள் கழுத்துவரை பூட்டியிருந்தன. அவன் ஒருநாளும் மேல் பொத்தானைப் பூட்டமாட்டான். கட்டிலடியில் வீட்டுச் செருப்புகள். எழுந்ததும் கால் நுழைக்கத் தோதாக வெளிப்பக்கம் பார்த்து, ஜோடியாக.

களைப்பு குறையவில்லை. கூடியிருந்தது.

லிஃப்டின் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தான். ரத்தமாக இருந்தது. கீழே, பெரிய பூஜாடிக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்மராந்தா உட்கார்ந்திருந்தாள். முகம் காலையில் பார்த்ததைவிட இளைப்பாறியிருந்தது.

"தூங்கினீங்களாண்ணே?"

"இல்ல."

"தூங்கினீங்க" என்றாள். சிரித்தாள். கண் கலங்கியது. "எனக்குத் தெரியும். நாப்பது நாளா தினம் கனவுல வந்து நின்னாரு. கண்ணு ரெண்டும் செவந்து. 'எங்கயாவது படுக்க இடம் இருக்கா ஸ்மராந்தா'ன்னு கேப்பாரு. வேற ஒண்ணும் கேக்கமாட்டாரு. இப்ப இந்த நாற்காலியில கொஞ்சம் கண்ணசந்தேன். வரல. முதல் தடவையா வரல."

"என்ன ஓட்டினாரு?"

"லாரி. இருபத்தாறு வருஷம். ஹோட்டல் வாசல்ல நிறுத்தி சரக்கு இறக்குவாரு. உள்ள போனதில்ல. ஒருநாளாவது இப்படி ஒரு கட்டில்ல பகல் பூரா தூங்கணும்னு சொல்லுவாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சேவெரின் தாண்டி தான்யூப் ஓரமா அந்த வளைவு இருக்குல்ல. ரோடு திரும்புச்சு. அவரு திரும்பல."

கோர்னெலுக்கு அந்த வளைவு தெரியும். புதிதாக நட்ட வெள்ளைச் சிலுவை. ஒவ்வொரு தடவையும் விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்.

"அம்மா, இத நீங்க திருப்பி எடுத்துக்கங்க."

"எத?"

"தூக்கத்த. கட்டில் இருக்கட்டும், செருப்பு இருக்கட்டும். தூக்கத்த மட்டும். சாயங்காலம் நான் பஸ் எடுக்கணும். அம்பது பேரு. என் பொண்ணு இருக்கா."

அவள் முகத்தில் சிரிப்பு போகவில்லை, ஆனால் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "கொடுத்தத எப்படிண்ணே வாங்குவேன்? அவருகிட்ட போய் எழுந்திருன்னு சொல்லவா?"

"எத்தன நாளைக்கு?"

"அவருக்குப் போதும்கிற வரைக்கும்" என்றாள். பிறகு மெதுவாக, பக்கத்துக் கட்டிலில் யாரோ தூங்குவதுபோல, "பாவம், தூங்கட்டும்" என்றாள்.

வாசலுக்கு வந்து ஸ்தோய்க்காவைக் கூப்பிட்டான்.

"என்னால முடியாது. நான் தூங்கல."

"பகல் பூரா நட்சத்திர ஹோட்டல்ல புரண்டுட்டு தூங்கலையாம். அந்த விதவை கூடவே இருந்தாளா என்ன?"

"விளையாடாத ஸ்தோய்க்கா. கண்ணு நிக்கமாட்டேங்குது."

"சரி, படுத்துக்க. ஜேலுவ அனுப்பறேன்."

"ஜேலு மெக்கானிக்கு. பஸ் லைசென்ஸ் கிடையாது. மத்தியானமே குடிச்சிருப்பான்."

"வேற யாரு இருக்கா, நீயே சொல்லு. அம்பது பேரு பெட்டியோட நிக்கிறாங்க. உன் பொண்ணும்தான் நிக்கிறா. என்னப் பாத்து கையாட்டுறா. நீ ஓட்டுறியா, ஜேலு ஓட்டட்டுமா?"

கோர்னெல் சாவியை எடுத்தான்.

இலிங்கா பிளாஸ்டிக் பையில் ரொட்டியும் தலையணையும் வைத்துக்கொண்டு படியருகே நின்றாள். அவன் கன்னத்தில் முத்தமிட்டாள். முத்தம் தெரியவில்லை.

"இன்னைக்குப் போகவேண்டாம்மா. அடுத்த வாரம் போ."

"நாளன்னைக்கு நான் அங்க இல்லன்னா, நான் பாத்துக்கப்போற கிழவி தனியாக் கிடப்பாப்பா. வேற ஆள வெச்சுடுவாங்க." அவன் முகத்தைப் பார்த்தாள். "உன் கண்ணு என்ன இப்படி இருக்கு? ஹோட்டல்ல டிவி பாத்தியா?"

"எனக்கு நேர் பின்னால உக்காரு. பேசிட்டே வா. தூங்காத."

"உன் வண்டியில ஏறினாலே எனக்குத் தூக்கம் வந்துடும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

"இன்னைக்குத் தூங்காத."

"சரி, சரி. பேசியே உன்னக் கொல்றேன்."

அவள் பேசினாள். ஊர் தாண்டும்வரை கிழவியைப் பற்றி, கிழவியின் பூனையைப் பற்றி, அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய் பெட்டிக்குள் கொட்டிவிடுமோ என்பதைப் பற்றி. வயல்கள் பழுப்பாகப் போயின. வெயில் கண்ணுக்கு நேராக இறங்கியது. பின்னால் ஒவ்வொருவராக இருக்கையைச் சாய்த்துக்கொண்டார்கள். அவன் தொடையைக் கிள்ளினான். வலி வரவில்லை. ஜன்னலைத் திறந்தான். முடி பறந்தது. காற்று படவில்லை.

சேவெரினில் நிறுத்தினான். காப்பி வாங்கினான், நீர் கலக்காத கருப்புக் காப்பி. குடித்தான். இன்னொன்று குடித்தான். வாயில் எதுவும் நடக்கவில்லை. குழாயடியில் தலையைக் காட்டினான். படிக்கட்டில் நின்று புகைத்த ஒரு பெரியவர், "பகல் பூரா ஹோட்டல்ல தூங்கினியாமே, இங்க வேற ஓய்வா? கிளம்புப்பா, ஆராத்துல அடுத்த டிரைவர் காத்துக்கிட்டிருப்பாரு" என்றார். இங்கேயே படுத்துவிட்டால்? அந்தத் தூக்கமும் லீவியுவுக்குத்தான் போகும். எங்கே கண்ணை மூடினாலும் அவனுக்குத்தான்.

ஓர்ஷோவாவில் நிறுத்திவிடுவேன். நதியோரப் பாதை முடிந்ததும். எல்லாரையும் இறக்கிவிடுவேன். ஸ்தோய்க்கா கத்தட்டும். முக்கால் மணி நேரப் பாதை. அதைத் தாண்டிவிட்டால் போதும்.

வலப்பக்கம் பாறை. இடப்பக்கம் தான்யூப். நடுவில் சாலை, ஒதுங்க இடமில்லாமல். நதியின்மேல் கடைசி வெளிச்சம் ஈயம்போல் கிடந்தது. எதிரே லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக, விளக்கைப் போட்டபடி.

"இலிங்கா."

கண்ணாடியில் பார்த்தான். தலையணையை ஜன்னலில் சாய்த்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இலிங்கா!"

குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

கீழே இருந்து சத்தம் வந்தது. நடுப்படிக்கு அடியிலிருந்து. அந்தக் குறுகலான படுக்கையிலிருந்து.

குறட்டை.

இழுத்து, சிக்கி, நீளமாக வெளியே. இழுத்து, சிக்கி, வெளியே.

நல்லது என்று நினைத்தான். தூங்கட்டும். அவன் தூங்குகிறவரை எனக்குத் தூக்கம் வராது. களைப்பு வரும். தூக்கம் வராது. கண் எரியும். மூடாது. ஓட்டிவிடலாம். தூங்கு லீவியு. ஓர்ஷோவாவரை தூங்கு.

ஒரு வளைவு. திருப்பினான். இன்னொன்று. திருப்பினான்.

இழுத்து. சிக்கி.

நின்றது.

இன்ஜின் சத்தம் மட்டும். சக்கரச் சத்தம் மட்டும்.

பிறகு ஒரு கொட்டாவி. நீளமான, முழுமையான கொட்டாவி. வயிறார உண்டவன் தட்டைத் தள்ளுவதுபோல. எலும்புகள் சொடுக்கும் சத்தம். பலகை முனகியது.

வேண்டாம் என்றான். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் தூங்கு.

செருப்புச் சத்தம். புதுச் செருப்பு. படியில் ஒன்று. அடுத்த படியில் ஒன்று. இருக்கைகளுக்கு நடுவில், யாரையும் எழுப்பிவிடாமல், மெதுவாக.

நாக்கில் கசப்பு வந்தது. காப்பி. இரண்டு காப்பியின் கசப்பும். பிறகு சூப்பின் புளிப்பு, உப்பு, மிளகாயின் காரம். வயிறு நிறைந்தது. தோலில் வெந்நீர் வந்தது. காலையில் குளித்த நீர், தோளிலிருந்து முதுகில், முதுகிலிருந்து காலுக்கு, இளஞ்சூடாக இறங்கியது. கன்னத்தில் இலிங்காவின் முத்தம்.

எல்லாம் திரும்பி வந்தது.

அதற்குப் பின்னால் தூக்கம் வந்தது. ஒரு பகல் முழுவதின் தூக்கம். மொத்தமாக.

விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சிலுவை. சின்னதாக. பெரிதாக.

பக்கத்தில் அவன் நின்றான். கோடு போட்ட பைஜாமா, கழுத்துவரை பொத்தான். சோப்பு வாசனை. தெளிந்த கண்கள். நன்றாகத் தூங்கி எழுந்தவனின் கண்கள். கையில் ஹோட்டல் போர்வை. குனிந்து கோர்னெலின் தோளைச் சுற்றி அதை மூடினான். மார்பருகே செருகினான். அம்மா செருகுவதுபோல. ஸ்டியரிங்கிலிருந்து கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, போர்வைக்குள் வைத்தான்.

கதகதப்பாக இருந்தது.

காதருகே மூச்சு. நன்றியுள்ள, மெதுவான குரல்.

"பொக்தாப்ரோஸ்தே."

சாலை திரும்பியது.